மொதல்ல எங்களைத்தான் கேக்கோணும்

வாங்க தம்பி, உக்காருங்க. அந்தச் சேரு வேண்டாம், கால் ஒண்ணு ஆடும். இதுல உக்காருங்க. காப்பி சாப்புடறீங்களா? வேண்டாமா? இப்பத்தான் குடிச்சுட்டு வந்தீங்களா? செரி செரி. பால் அடுப்புலதான் இருக்குது, சித்தே இருங்க.

இந்தாங்க. பாத்தீங்களா, வேண்டாம்னீங்க, கொண்டாந்து நீட்டினேன், வாங்கிட்டீங்க. வேண்டாம்னு சொல்லிட்டாரே மனுசன்னு நான் உள்ள போயி படுத்திருந்தா நீங்க என்ன நெனைப்பீங்க? இதென்ன வூடு, ஒறம்பரை வந்தா ஒரு வாய்த் தண்ணி குடுக்கத் தெரியாத வூடுன்னுதானே நெனைப்பீங்க. அதுதாங்க மொறை. மொத தடவை கேட்டா வேண்டாம்னு சொல்லோணும், மறுக்கா கேட்டா பாக்கலாம்னு சொல்லோணும், அதுக்கும் மேல கேட்டா வாங்கிக்கோணும். பந்தியில கூட மொதக் கூப்புட்டுக்கு எந்திரிக்கறவனை எல்லாரும் ஒரு மாதிரிதான் பாப்பாங்க. இந்த மொறை தெரியாத ஒரு மனுசனாலதான் நான் இன்னிக்கு இந்த நெலமையில உக்காந்திருக்கேன்.

என்ற சம்சாரம் கோகிலவாணி டீச்சருங்க, முனிசிபல் ஸ்கூல்ல. காத்தால போறப்பவே சொல்லிட்டுத்தான் போனா, ஒருத்தரு வூட்டைப் பாக்க வருவாரு, எல்லா ரூமையும் தொறந்து உட்டுட்டுப் பேசாம உக்காந்துக்கங்கன்னு. செருப்பைப் போட்டுட்டுத் திரும்பி வந்து மறுக்காவும் சொன்னா, பேசாமன்னு. வூடு தேடி வந்தவங்ககிட்டப் பேசாம இருந்தா அது மரியாதையாங்க? டீச்சருங்களுக்கு எல்லாரையும் பேசாம உக்கார வெச்சே பழக்கம். நீங்க யாரு, யாரு அனுப்பினாங்கன்னு நான் கேக்கவே இல்லை பாருங்க. கேக்கோணுமா என்ன? தோள்ல பை, கையில டேப்பு, வந்ததும் வராததுமா செவுத்தைத் தட்டிப் பாக்கறீங்க. வூடு வாங்க வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் தட்டறாங்க. உங்களுக்கு முன்னால ரெண்டு பேரு வந்து தட்டிட்டுப் போயிட்டாங்க.

நீங்க பாட்டுக்கு அளங்க. நான் பேசிட்டே கூட வர்றேன்.

என்னமோ சொல்ல வந்தீங்க? அப்பறம் சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்லை. இது பெரிய ரூம். பக்கத்துல சத்தம் கேக்குதுங்களா? மாவு மில்லு. காத்தால தொடங்கினா சாயங்காலம் வரைக்கும் தரையே அதிரும். அந்த அதிர்வுலதான் இந்த விரிசல். மேல இருந்து கீழ வரைக்கும் வந்திருக்குது பாருங்க. எடுத்துக்கங்க, நல்லாப் போட்டோ எடுத்துக்கங்க, லைட்டுப் போடட்டுமா? நான் வாங்க வேண்டாம்னு சொல்லலீங்க. நம்மளுக்கு அந்தப் பழக்கமே கெடையாது. உள்ளதைச் சொல்றேன், அவ்வளவுதான்.

இந்த வூட்டுக்காரரு நாச்சிமுத்து அண்ணன். தளி ரோட்டுல ஹார்டுவேர் கடை வெச்சிருக்காரு. நல்ல மனுசனுங்க. அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். நாங்க இங்க குடி வந்தப்ப என்ற மகளுக்குப் பால்பல்லு கூட உளுகலை. இன்னிக்கு அவ மகனுக்கு உளுந்துட்டிருக்குது. அத்தனை வருசத்துல வாடகைக்குன்னு அண்ணன் ஒரு தடவை வந்து வாசல்ல நின்னதில்லை. நான் நூல் மில்லுல சூப்பர்வைசரா இருந்த வரைக்கும் நான் குடுத்தேன். மில்லை மூடினதுக்கப்பறம் கோகிலா சம்பளத்துல இருந்து போகுது. ரெண்டும் ஒண்ணுதானுங்க, ஒரே வூட்டுப் பணம்.

இந்த பாத்ரூம் இருக்குது பாருங்க, இது நாங்க கட்டினது. முந்தி வெளியிலதான் போகோணும். மழைக்காலத்துல பொம்பளைங்களுக்குத் தொந்தரவா இருக்குதுன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டு எங்க செலவுலயே கட்டினோம். கட்டி முடிச்சன்னிக்கு அண்ணன் வந்து பாத்துட்டு, இதே எடத்துல நின்னுட்டு, என்ற தோள் மேல கையைப் போட்டுச் சொன்னாரு. “திருமூர்த்தி, இது உன்ற வூடு மாதிரி வெச்சுக்க. நாளைக்கே நான் வித்தாலும் மொதல்ல உங்களைத்தான் கேப்பேன். நீங்க வேண்டாம்னாத்தான் வெளியாளு.”

எழுத்து கிழுத்தெல்லாம் ஒண்ணுமில்லை. வாய் வார்த்தைதான். ஆனா நாச்சிமுத்து அண்ணன் வாயில இருந்து வந்தா அது பத்திரத்துல எழுதின மாதிரிங்க. ஊர்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

தண்ணியா? திருகிப் பாருங்க. உப்புங்க. துணி தொவைச்சா வெள்ளையா ஒரு பூச்சு நிக்கும். பைப்பெல்லாம் அரிச்சுப் போச்சு. அந்தச் செவுத்துல ஈரம் அடிச்சிருக்குதே, அது ரோட்டு மழைத்தண்ணி. நாங்க வந்தப்ப ரோட்டுல இருந்து மூணு படி ஏறித்தான் உள்ள வரோணும். வருசா வருசம் பழைய ரோட்டு மேலயே புது ரோட்டைப் போட்டுப் போட்டு, இன்னிக்கு ரோட்டுல இருந்து எறங்கித்தான் வரோணும். நீங்களே எறங்கித்தானே வந்தீங்க. ஐப்பசி மழைக்கு ரோட்டுத் தண்ணி பூராவும் நம்மகிட்ட வந்துதான் விசாரிக்கும். போன ரெண்டு பேருகிட்டயும் இதைச் சொன்னேன். ஒருத்தரு வாசல்லயே நின்னு ரோட்டைப் பாத்துட்டு அப்படியே வண்டியை எடுத்துட்டாரு. இன்னொருத்தரு கொஞ்சம் நின்னாரு. அப்பறம் பக்கத்து மில்லுக்காரரு கூட காம்பவுண்டு செவுத்துக்கு ஒரு கேஸு நடக்குதுன்னேன். அவரும் போயிட்டாரு. உங்களுக்கும் சொல்லிட்டேன். பின்னால என்றகிட்ட வந்து சொல்லலையேன்னு கேக்கக் கூடாது பாருங்க.

அண்ணன் கேட்டாருங்க. கேக்கலைன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆடி முடிஞ்ச ஒடனே, ஒரு ஞாயித்துக்கெழமை, வந்து நீங்க உக்காந்திருந்த அதே சேர்ல உக்காந்தாரு. மகன் ஓசூர்ல வூடு கட்டறான், அவனுக்குப் பணம் வேணும், அதனால இதைக் குடுத்துடலாம்னு இருக்கேன்னாரு. “பேச்சுப்படி மொதல்ல உங்களைத்தான் கேக்கறேன் திருமூர்த்தி. வாங்கிக்கறீங்களா?” அப்படின்னு நேரா கேட்டாரு.

கோகிலா காப்பி டம்ளரைக் கையில புடிச்சுட்டுச் சமையல்கட்டு வாசப்படியில நின்னுட்டிருந்தா. நான் என்ன சொல்லுவேன்? பெரிய மனுசன் வூடு தேடி வந்து கேக்கறாரு, கேட்ட வாய் மூடறதுக்குள்ள குடுங்கன்னு கையை நீட்ட முடியுங்களா? “எங்களுக்கெதுக்குங்கண்ணா வூடு, நீங்க நல்ல வெலைக்குப் பாத்து வித்துக்கங்க”ன்னேன். சிரிச்சுட்டேதான் சொன்னேன். அந்தச் சிரிப்பைப் பாத்தாலே தெரியோணும், இது மொத வேண்டாம்னு.

அவரு “அப்படியா, செரி”ன்னுட்டு எந்திரிச்சுட்டாரு.

செரின்னுட்டாருங்க. நானும் பாத்துட்டே இருக்கேன், செருப்புப் போட்டாரு, வண்டி ஸ்டேண்டை எடுத்தாரு. இப்பத் திரும்புவாரு, நல்லா ரோசனை பண்ணுங்க திருமூர்த்தின்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு, நான் பாக்கலாமுங்கண்ணான்னு சொல்லோணும்னு வாயில தயாரா வெச்சுட்டு நிக்கறேன். போயிட்டாரு. இந்த ஊர்லயே பொறந்து வளந்தவரு, எத்தனை கல்யாணத்துல முன்னால நின்னு ஆளுங்களைப் பந்திக்குக் கையைப் புடிச்சு இழுத்தவரு, அவருக்கு மொறை தெரியாதுங்களா? கோகிலா அந்தக் காப்பியைக் கொண்டு போயி சிங்க்குல ஊத்திட்டா. சிங்க்குல ஊத்தினதைப் பாத்து, அவளுக்கும் அண்ணன் மேல கோவம்னு புரிஞ்சுக்கிட்டேன். இந்த விசயத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி.

பொறவு நானும் சும்மா இருக்கலைங்க. மனுசன் மறந்திருப்பாரு, அவருக்கும் கேக்கறதுக்கு ஒரு சந்தர்ப்பம் குடுக்கோணும்னு கடைக்குப் போனேன். சும்மா போயி நிக்க முடியுங்களா? கால் கிலோ ஆணி குடுங்கண்ணான்னேன். அவரு என்னைப் பாத்தாரு. நானும் பாத்தேன். “எத்தனை இஞ்சு?”ன்னு கேட்டாரு. அடுத்த வாரம் மறுக்காப் போனேன். அப்பவும் இஞ்சுதான் கேட்டாரு. உள்ள பரண் மேல ஒரு டப்பா நெறைய ஆணி இருக்குதுங்க, உங்களுக்கு வேணும்னா கொண்டு போங்க. ரோட்டுல எதுத்தாப்புல வந்தார்னா நான் வண்டியை ஸ்லோ பண்ணுவேன். அவரு கையைத் தூக்கிட்டுப் போயிருவாரு. மனுசனுக்கு எத்தனை தடவைதான் எடம் குடுக்கறதுங்க?

ஏன் நீங்களே கேட்டுற வேண்டியதுதானேன்னு பாக்கறீங்க. கேட்டிருக்கலாம். உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, மில்லு ஓடிட்டு இருந்த காலமா இருந்தா கேட்டிருப்பேன். கையில சம்பளம் இருக்கறவன் வேணும்னா அது வெலை பேசறது. ஒண்ணும் இல்லாதவன் வேணும்னா அது கெஞ்சறதாப் போயிருமுங்க. பணத்துக்கு என்ன வழின்னு அடுத்த கேள்வி வரும். அவரா வற்புறுத்திக் குடுத்தா, அவரு வற்புறுத்தினாரேன்னு நானும் நாலு எடத்துல பெரட்டியிருப்பேன். எனக்கு இந்த வூட்டை உட்டுட்டுப் போறதை நெனைச்சாக் கையும் ஓடறதில்லை, காலும் ஓடறதில்லைங்க. இந்த வயசுல புதுத் தெருவுல போயி, புதுசா ஒருத்தருகிட்ட, நான் மில்லுல சூப்பர்வைசரா இருந்தேன்னு ஆதியில இருந்து சொல்லிட்டிருக்க முடியாது. இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும்.

அதனாலதான் வர்றவங்ககிட்டயெல்லாம் உள்ளதைச் சொல்லி அனுப்பிடறேன். வித்துப் போகலைன்னா அண்ணன் மறுக்கா இங்கதானே வரோணும்? நீங்க தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, உங்களுக்கு நல்ல வூடா வேற எடத்துல அமையும்.

என்னங்க? அக்ரிமெண்ட்டு காப்பியா? அது அண்ணன்கிட்டத்தான் இருக்கும், எங்ககிட்ட எதுக்கு இருக்குது? இங்க இருக்கும்னு சொன்னாங்களா, யாரு? உங்க பேப்பர்ல என்ன பேரு போட்டிருக்குது, படிங்க. கோகிலவாணி, கணவர் பேரு திருமூர்த்தி. ஆமா, அது நான்தான்.

நீங்க வாங்க வந்தவரு இல்லீங்களா?

பேங்க்குல இருந்து வந்திருக்கறீங்க. லோன் குடுக்கறதுக்கு முன்னால வூட்டைப் பாத்து மதிப்புப் போடற எஞ்சினியரு. லோன் கேட்டது கோகிலவாணி. வாங்கற வூடு இதே வூடு. வந்ததுல இருந்து அதைத்தான் சொல்ல வந்தீங்களா? நான்தான் அப்பறம் சொல்லுங்க, அப்பறம் சொல்லுங்கன்னுட்டு இருந்தேனா. செரி. நீங்க உக்காருங்க. நானும் சித்தே உக்காந்துக்கறேன். தெரியாம இந்த ஆடற சேர்ல உக்காந்துட்டேன், பரவாயில்லை.

ஒரு நிமிசம் இருங்க தம்பி, இப்ப ஸ்கூல்ல இடைவேளைதான். அவகிட்டயே கேட்டுர்றேன்.

பேசிட்டேங்க. வெளிய போயி பேசினதுக்குத் தப்பா நெனைச்சுக்காதீங்க, உள்ள டவர் கெடைக்காது. உங்ககிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை. நீங்களும் இப்ப இதுல பாதி ஆளு.

அவ போயிருக்கறாளுங்க, அண்ணன் கடைக்கு. தீபாவளி முடிஞ்சு, ஸ்கூல் உட்டு நேரா. அந்த ரெண்டாவது ஆளு ஓடினானே, அதுக்கப்பறம். அண்ணன் அவளைப் பாத்ததும் பழக்க தோசத்துல என்ன டீச்சரு, ஆணியான்னு கேட்டிருக்காரு. அவ சொன்னாளாம், “அண்ணா, குடியிருக்கறவங்களைத்தான் மொதல்ல கேப்பேன்னு சொன்னீங்க. அவரைக் கேட்டீங்க. நானும் அதே வூட்டுலதானே குடியிருக்கேன். என்னை யாரும் கேக்கலையே.”

அண்ணன் கல்லாவுல இருந்து எந்திரிச்சு வந்து, அவளுக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டு, “நீ வாங்கிக்கறயா அம்மிணி?”ன்னு கேட்டாராம்.

வேணும்னு சொல்லிட்டாளாம். ஒரே வார்த்தை. நேரா. மொதக் கேள்விக்கே. அந்த மனுசனை மறுக்காக் கேக்கறதுக்கே உடலை. ஒரு டீச்சரு இப்படிப் பண்ணுவாங்களான்னு எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நான் அதைச் சொன்னேன். அவ நேரா பணக்கணக்குக்குப் போயிட்டா. அவ கூடப் பொறந்த அண்ணன் தம்பிக எல்லாரும் சேந்து தோட்டத்துல அவ பங்கைப் பணமாக் குடுத்துட்டாங்களாம், மீதிக்குத்தான் பேங்க்காம். ஏன் என்றகிட்டச் சொல்லலைன்னு கேட்டேன். “சொன்னா நீங்க ஒடனே போயி, எங்களுக்கெதுக்குங்கண்ணா வூடுன்னு மறுக்காவும் சொல்லிட்டு வருவீங்க”ன்னா. இன்னொண்ணும் சொன்னா. அந்த ரெண்டு பேரையும் நான் ஓட்டி உட்டதுல அண்ணன் வெலையைக் கொஞ்சம் எறக்கிட்டாராம். பாத்தீங்களா? நான் சும்மா உக்காந்திருக்கலை. என்ற பங்கும் இதுல இருக்குது.

தம்பி, அந்த விரிசல் போட்டோ எடுத்தீங்கல்ல. அதை அனுப்பிட்டீங்களா, போன்லயேதான் இருக்குதா? அது சிமெண்டுப் பூச்சுல உளுந்த விரிசலுங்க, செங்கல்லுல ஒண்ணுமில்லை. மாவு மில்லு அதிரும்னு சொன்னேன், அது மாவு மில்லு, கல்லு ஒடைக்கற மில்லு இல்லை. நடு மத்தியானம் தூங்கறப்பத் தாலாட்டற மாதிரித்தான் இருக்கும். தண்ணி உப்புன்னது சித்திரை வைகாசிக்கு மட்டும். மத்த நாள்ல நல்ல தண்ணிதான். நீங்க குடிச்ச காப்பி அந்தத் தண்ணியிலதான் போட்டேன், நல்லாத்தானே இருந்துச்சு? கேஸு ஒண்ணும் கெடையாதுங்க. மில்லுக்காரரும் நானும் வருசா வருசம் ஒண்ணாப் பழனிக்கு நடந்து போறவங்க. எழுதியிருந்தா அந்த வரியை மட்டும் அடிச்சுருங்க. ரோடு ஒசரம், அது உண்மை, அதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா ரோடுங்கறது சர்க்காரோடது. அதுக்கு வூடு என்ன பண்ணும்?

ஏன் சிரிக்கறீங்க? நான் சொன்னதுல எதையும் எழுதலையா. கண்ணுல பட்டதை மட்டுந்தான் எழுதுவீங்களா. அப்பச் செரி. கட்டடம் நல்லா இருக்குதுன்னா எழுதியிருக்கறீங்க? பழசானாலும் பலமானதுன்னா? படிங்க, இன்னொருக்கா படிங்க. பாத்ரூம் புதுசுன்னு எழுதிக்கங்க, அது எங்க செலவு.

லோன் வந்துரும்ங்கறீங்க. நல்லது. வாயில சக்கரையைத்தான் போடோணும் உங்களுக்கு, இருந்த சக்கரை உங்க காப்பியோட தீந்து போச்சு.

இன்னொரு விசயமும் பேசினாளுங்க போன்ல. வெக்கறதுக்கு முன்னால. பத்திரத்துக்கு இன்னிக்குச் சாயங்காலத்தோட பேரை முடிவு பண்ணிச் சொல்லோணுமாம், அதுக்கப்பறம் மாத்த முடியாதாம். இப்ப அவ பேரு மட்டும்தான் குடுத்திருக்கறா. பின்னாடி பசங்க சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. அப்பறம் கேட்டா, “ஏனுங்க, உங்க பேரையும் சேத்துக் குடுக்கட்டுங்களா?”

ரெண்டு பேரு பேரும் ஒரே பத்திரத்துல, இந்த வூட்டுக்கு. அதுக்குத்தானே நான் இத்தனை நாளும் ஆணி வாங்கினேன்.

“எனக்கெதுக்கு கோகிலா, உன்ற பேர்லயே இருந்துட்டுப் போகுது”ன்னேன்.

“செரி”ன்னா. வெச்சுட்டா.

நீங்க ஏன் பையை மாட்டறீங்க? உக்காருங்க தம்பி, சித்தே உக்காருங்க. போனை இப்பிடி வெளிச்சமா, டவர் கெடைக்கற எடத்துல வெச்சிருக்கேன். இன்னொருக்காக் கூப்புடுவா.